டி, சி, எச் வந்த வழி

எல், இ, டி, சி, எச், யு, எம், ஒய்.

மலேசியாவின் ஈப்போவில் ஏதாவது ஒரு அரசாங்க முகப்பிடத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தால், இந்த எட்டு எழுத்தையும் யாராவது ஒருவர் உரக்கச் சொல்வது காதில் விழும். லெட்சுமி என்ற பெயர் அது. சென்னையில் பிறந்த லட்சுமியைக் கேட்டால் எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ என்பாள். பேராக் மாநிலத் தோட்டங்களில் பிறந்த பாட்டிமார் பெயரில் கே இல்லை, எஸ் இல்லை. அந்த இடத்தில் ஒரு டி, ஒரு சி, ஒரு எச். அரைகுறையாகப் படித்த தோட்ட எழுத்தரான கிராணி செய்த பிழை இது என்று பேரப்பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. எழுதியவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. எதிரே நின்ற பெண் சொன்னதை அவர் காது கொடுத்தும் கேட்டிருக்கிறார்.

இந்தப் பெயர் மலாயாவுக்குக் கப்பல் ஏறும் முன்பே தமிழாகிவிட்ட பெயர். பக்ஷி பட்சியானது போல, ரக்ஷகன் இரட்சகனானது போல, லக்ஷ்மி லட்சுமியானாள், பேச்சுவழக்கில் லெட்சுமியானாள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் வாயில் ‘ட்சு’தான் இருந்தது. அந்த ஒலிக்கு ஆங்கிலத்தில் ஆயத்தமாக ஓர் எழுத்துக்கூட்டல் உண்டு. மேட்ச், கேட்ச், கிட்சன் என்ற சொற்களை எழுதிப் பாருங்கள்: டி, சி, எச். கடைசி ‘மி’க்கு ஒய் வந்ததும் அதே கணக்குதான். சிட்டி, ஹேப்பி என்று இகரத்தில் முடியும் ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் ஒய்யில்தான் முடிகின்றன. முனியாண்டியின் வாலில் ஒய் ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

ஆக, சென்னைக்காரியின் கூட்டல் சமஸ்கிருத ஏட்டைப் பார்த்து எழுதியது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிவைத்து, 1870களில் வில்லியம் வில்சன் ஹண்டர் அரசாங்க வழக்காக்கிய முறையின் வழியில் வருவது. பேராக்காரியின் கூட்டல் வாயைக் கேட்டு எழுதியது. பாட்டி தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டாளோ, அதற்கு அருகில் நிற்பது இரண்டாவதுதான்.

ஆனால் ஆங்கிலம் ஒரே ஒலிக்கு ஒரே கூட்டல் வைத்திருக்கும் மொழி இல்லையே. ‘வீக்’ என்று சொல்லி எழுதச் சொன்னால் இரண்டு இ போட்டால் வாரம், இ-யும் ஏ-யும் போட்டால் பலவீனம். மேட்ச்சில் டி உண்டு, ‘மச்’சில் கிடையாது. இன்றும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் இடறுகிறார்கள். போதாக்குறைக்கு மலாய் தன் முறைப்படி எழுதும் டிக்கெட், போலீஸ், டாக்சி வேறு அவர்கள் தலைக்குள் இருக்கின்றன. ஒரே வரிவடிவம், இரண்டு விதிகள். அன்றைக்குப் பெயர் எழுதியவர்களுக்கும் அந்தத் தடுமாற்றம் இருந்தது. அவர்கள் தடுமாறியது காலத்துக்கும் நின்றுவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வரை கப்பல். 1926இலிருந்து ‘ரஜூலா’ அந்தக் கடலில் ஓடியது. 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தால் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு. கிராணி செக்ரோல் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். ஏராளமான தோட்டங்களில் அந்த நாற்காலியில் இருந்தவர் மலையாளி அல்லது யாழ்ப்பாணத்தவர். மலையாளியின் நாக்கில் லக்ஷ்மி கெடாமல் இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்கு அது இலட்சுமி. கிராணி மாறினால் பெயரின் எழுத்தும் மாறியது. மூத்த மகனின் பிறப்புப் பத்திரத்தில் தாய்க்கு ஒரு கூட்டல், இளைய மகளின் பத்திரத்தில் வேறொரு கூட்டல்.

இதன் விலை பல ஆண்டு கழித்துத்தான் தெரியவரும். மகன் இறந்து, அவனுடைய சேமநிதிப் பணத்துக்காகத் தாய் முகப்பிடத்தில் வந்து நிற்கிறாள். உள்ளே இருக்கும் பெண், தாயின் அடையாள அட்டையான ஐசியையும் மகனின் பிறப்புப் பத்திரமான சூராட் பெரானாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாள்.

“பாட்டி, ஐசியில யு போட்டிருக்கு, மகன் சூராட் பெரானாவுல ஐ போட்டிருக்கு. ரெண்டும் நீங்கதானா?”

“எழுதுனது கிராணி, தாயி. நான் சொன்னது ஒண்ணுதான்.”

அந்தப் பதிலை வாங்கிக்கொள்ள விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதி, முத்திரை வாங்கி, இன்னொரு நாள் வர வேண்டும். இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த எழுபது வயதுக்காரியை ஓர் எழுத்துக்காகத் திருப்பி அனுப்புவது நியாயமே இல்லை என்று நினைக்கிறேன். ஒரே பெயருக்கு நான்கைந்து கூட்டல் இருப்பது இந்த நாட்டுத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அலுவலகங்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஐசி பிறந்த கதையும் பேராக்கில்தான் தொடங்குகிறது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்தில் ஒரு துரையும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்தில் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாளிலேயே நாடு முழுக்க அவசரகாலம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் படம் ஒட்டி, பெருவிரல் ரேகை வைத்து அடையாள அட்டை வாங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதுவரை செக்ரோலில் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருந்தாலும் பெரிய கெடுதி இல்லாத எழுத்து, அன்று முதல் ஒருத்தியின் ஆளடையாளமாக உறைந்தது. விடுதலைக்குப் பிறகு வந்த குடியுரிமைத் தாள்கள், 2001இல் வந்த மைகாட் அடையாள அட்டை எல்லாம் அதன் மேல் ஏறி நின்றவை. அட்டையின் சில்லுக்குள்ளும் டி, சி, எச் இருக்கிறது.

லெட்சுமணனுக்கும் அதே எழுத்துகள்தான். ஆனால் பேராக்கில் இந்தப் பெயர் தோட்டத் தமிழர் வருமுன்பே குடியேறியிருந்தது. மலாய் இராமகதையில் தம்பியின் பெயர் லக்சமானா; அதுவே கடற்படைத் தலைவரின் பட்டமும் ஆயிற்று. 1875இல் பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்ட பிறகு, சுல்தான் அப்துல்லாவோடு சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் பேராக்கின் லக்சமானா முகமது அமீனும் ஒருவர். ஏட்டு வழியாக வந்தவன் ககரத்தையும் சகரத்தையும் காப்பாற்றிக்கொண்டான். அரை நூற்றாண்டு கழித்துப் பால் வாளியோடு வந்தவன் தன் ஊர்ப் பேச்சோடு வந்தான்.

கூட்டலில் மாறிய பெயர்கள் பேராக்கில் வேறும் உண்டு. பாப்பான் சிற்றூரில் 74ஆம் எண் கடைவீட்டில் மருந்தகம் நடத்தி, ஜப்பானியரை எதிர்த்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துச் சித்திரவதைப்பட்டு, ஜார்ஜ் பதக்கம் பெற்ற சிபில் அம்மையாரின் கணவர் பெயர் கார்த்திகேசு. ஆங்கிலத்தில் அவர்கள் எழுதிய கூட்டலில் ‘ர்’ கிடையாது, ‘கே’ இருந்த இடத்தில் ‘க’. ஆங்கிலத்தை மட்டும் பார்த்துப் படித்தவர் கதிகாசு என்று சொல்லிப் போய்விடுவார். தமிழில் எழுதுபவர்கள் கார்த்திகேசு என்றே எழுதி அவரை நமக்கு மீட்டுத் தந்தார்கள்.

மற்றக் கடல்களிலும் லெட்சுமிகள் போனார்கள். 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குத் தொடங்கிவைத்த பயணத்தில், அகரத்துக்கு யு போட்டு, கடைசியில் இரண்டு இ போடும் பழைய ஆங்கில வழக்கம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. பாண்டிச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதினார்கள். மார்த்தினிக் தீவுக்கு 1853இலிருந்து ஆட்கள் போனார்கள். அங்கே இன்று பெரிய அரசியல்வாதியாக இருக்கும் செர்ஜ் லெட்சிமியின் குடும்பப் பெயரில் எட்டு எழுத்து: எல், இ, டி, சி, எச், ஐ, எம், ஒய். ஈப்போப் பாட்டியின் பெயருக்கும் அதற்கும் நடுவில் வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. ஒருவரையொருவர் அறியாத இரண்டு எழுத்தர்கள், இரண்டு மொழிக்காரர்கள், உலகத்தின் இரண்டு முனையில் ஒரே ஒலியைக் கேட்டு ஏறக்குறைய ஒன்றையே எழுதியிருக்கிறார்கள். பிழை இப்படிப் பொருந்தி வருமா?

1972இல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, சி-எச் என்று இரண்டு எழுத்தில் எழுதிய ஒலிக்கு சி மட்டும் போதும் என்றாயிற்று. ஆட்பெயர்களை அது தொடவில்லை. பழைய எச்சோடு நிற்கும் செம்மோர் ஊர்ப்பலகையைப் போல லெட்சுமிகளும் நின்றார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்களை விட்டுப் பலர் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் குடிவந்தார்கள். இப்போது கொள்ளுப்பேரர்கள் கணினியில் குடும்பத்தைத் தேடுகிறார்கள். தங்களுக்குத் தெரிந்த ஒரே கூட்டலைத் தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். டி-சி-எச் போட்டுத் தேடுங்கள். டி இல்லாமல் தேடுங்கள். கே-எஸ்-எச் போட்டும் தேடுங்கள். முடிவில் ஒய், ஐ, இரண்டு இ மூன்றையும் மாற்றிப் பாருங்கள். தகப்பன் பெயரையும் அதே பாடு படுத்த வேண்டும். தோட்டத்துக்கும் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. இரண்டாவது எந்தத் தாளிலும் இருக்காது, வீட்டில் இருக்கும் பெரியவரைக் கேட்டு இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.