ஒரே மாதிரி புள்ளிவிவரம். ஒருவர் 3-வது தேர்வு, மற்றவருக்கு அழைப்பே இல்லை: என்.பி.ஏ. 'பிக் மேன்' தேர்வு எப்படி நடக்கிறது?

2013-14 சீசனில் அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து ஆடிய இரண்டு வீரர்களின் சராசரியை முதலில் பாருங்கள். இருவருமே ஏழடி அல்லது அதற்கும் மேல்.

வீரர் அ: ஆட்டத்துக்கு 11.2 புள்ளிகள், 8.1 ரீபவுண்ட், 2.6 பிளாக்.

வீரர் ஆ: ஆட்டத்துக்கு 10.4 புள்ளிகள், 7.8 ரீபவுண்ட், 3.4 பிளாக்.

நீங்கள் ஒரு என்.பி.ஏ. அணியின் மேலாளராக இருந்தால் யாரை எடுப்பீர்கள்?

'அ' என்பவர் ஜோயல் எம்பீட். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன் ஆடினார். 2014 டிராஃப்ட்டில் 3-வது வீரராக அவரை ஃபிலடெல்ஃபியா எடுத்தது. 2022-23 சீசனில் என்.பி.ஏ.வின் மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான்.

'ஆ' என்பவர் சிம் புல்லர். கனடாவில் பிறந்த பஞ்சாபி, 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். அதே 2014 டிராஃப்ட்டில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அதில் அவர் பெயர் இல்லை.

எண்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

டிராஃப்ட்டில் என்ன பணயம்?

டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. இரண்டு சுற்றுகள், வழக்கமாக 60 பெயர்கள். முதல் சுற்றில் வந்தால் குறைந்தது இரண்டு ஆண்டுச் சம்பளம் பொதுவாக உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. பெயரே வரவில்லை என்றால், ஏதாவது ஒரு அணியின் பயிற்சி முகாமுக்குப் போய் வாய்ப்புக் கேட்க வேண்டியதுதான். 30-க்கும் 31-க்கும் நடுவில் உள்ள அந்த ஒரு இடத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே மாறிவிடும்.

'பிக் மேன்' என்பது கூடைக்கு அருகில் நின்று ஆடும் உயரமான வீரர். சென்டரும், உயரமான ஃபார்வர்டுகளும் இதில் வருவார்கள். அணிகள் மிக அதிகமாகக் கணக்குத் தப்புவதும் இவர்களிடம்தான். 2007-ல் முதல் தேர்வான கிரெக் ஓடனை முழங்கால் காயங்கள் முடக்கின. 2009-ல் 2-வது தேர்வான, 7 அடி 3 அங்குல ஹஷீம் தபீட் நிலைக்கவே இல்லை. 2014-ல் 41-வதாக எடுக்கப்பட்ட நிகோலா யோகிச்சோ மூன்று முறை மிக மதிப்புமிக்க வீரர் ஆனார்.

கல்லூரி ஆட்டமும் என்.பி.ஏ.வும் ஒன்றல்ல

முதல் சிக்கல் விதியில் இருக்கிறது. கல்லூரி ஆட்டத்தில் ஓர் உயரமான வீரர் கூடைக்குக் கீழே உள்ள 'பெயின்ட்' பகுதியில் நின்றுகொண்டே தடுப்பாட்டம் ஆடலாம். வருகிறவர்களையெல்லாம் தடுத்து பிளாக் எண்ணிக்கையை ஏற்றலாம்.

என்.பி.ஏ.வில் அது முடியாது. 2001-02 சீசன் முதல், எதிரணி வீரர் எவரையும் கை எட்டும் தூரத்தில் காக்காமல், தடுக்கும் வீரர் பெயின்ட்டுக்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே.

தூரமும் மாறுகிறது. என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிக் கோடு 23 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் இப்போது 22 அடி 1¾ அங்குலம். 2014-ல் வெறும் 20 அடி 9 அங்குலம். கோடு வெளியே போகப் போக, தடுப்பவர் ஓட வேண்டிய பரப்பும் கூடுகிறது.

இதைத்தான் எதிரணிகள் பயன்படுத்திக்கொள்ளும். பந்து வைத்திருப்பவருக்கு இன்னொருவர் வந்து மறைப்புக் கொடுப்பார். அந்த 'பிக் அண்ட் ரோல்' நகர்வில் உங்கள் ஏழடி வீரர் வெளியே இழுக்கப்படுவார். எதிரே ஆறடி உயரத்தில் மின்னல் வேகக் கார்டு. அங்கே தடுமாறினால், அதே நகர்வை எதிரணி திரும்பத் திரும்ப ஆடும். கடைசி ஐந்து நிமிடத்தில் பயிற்சியாளர் உங்கள் வீரரை பெஞ்சில்தான் உட்கார வைப்பார்.

ஆக, தேர்வாளர் கேட்பது 'கல்லூரியில் எத்தனை புள்ளி எடுத்தான்?' என்று மட்டுமல்ல. 'எங்கள் ஆட்டத்தில் அவனைக் களத்தில் வைத்திருக்க முடியுமா?' என்பதே பெரிய கேள்வி.

எண்களை எப்படிப் படிப்பது?

முதலில் நிமிடங்கள். எம்பீட் ஆட்டத்துக்குச் சராசரியாக 23 நிமிடம்தான் ஆடினார். அதை 40 நிமிடக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 19 புள்ளிகள், 14 ரீபவுண்ட். ஆட்டத்துக்கு எத்தனை என்பதைவிட நிமிடத்துக்கு எத்தனை என்பதே உண்மையைச் சொல்லும்.

அடுத்து எதிரணி. எம்பீட் ஆடியது நாட்டின் வலுவான குழுக்களில் ஒன்றான பிக் 12-ல். புல்லர் ஆடியது அதைவிட மிகப் பலவீனமான வெஸ்டர்ன் அத்லெட்டிக் குழுவில். 7 அடி 5 அங்குலக்காரர் ஆறரை அடி சென்டர்களுக்கு எதிராக எடுக்கும் ரீபவுண்டை அப்படியே நம்ப முடியாது.

மூன்றாவது, பலரும் தவறவிடும் எண்: ஃப்ரீ த்ரோ சதவீதம். 2015 டிராஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டியூக்கின் ஜலீல் ஓகஃபோர் கல்லூரியில் ஆட்டத்துக்கு 17.3 புள்ளிகள். கென்டக்கியின் கார்ல் ஆந்தனி டவுன்ஸ் வெறும் 10.3. ஆனால் ஃப்ரீ த்ரோவில் டவுன்ஸ் 81 சதவீதம், ஓகஃபோர் 51 சதவீதம். டவுன்ஸ் அந்த சீசன் முழுக்க 8 மூன்று புள்ளி எறிதல்தான் முயன்றார், 2 மட்டுமே விழுந்தன. ஆனாலும் அவரது கையில் எறியும் திறன் இருக்கிறது என்பதை ஃப்ரீ த்ரோ காட்டிவிட்டது. அவர் முதல் தேர்வு, ஓகஃபோர் 3-வது.

2022-ல் என்.பி.ஏ. ஆல்ஸ்டார் மூன்று புள்ளிப் போட்டியை வென்றதே டவுன்ஸ்தான். முதல் ஆண்டில் 17.5 புள்ளிகள் எடுத்த ஓகஃபோருக்கு, தடுப்பாட்டம் கைகொடுக்காததால், ஆறு சீசனுக்குப் பிறகு நிலையான இடமே இல்லாமல் போனது.

விருதும் இங்கே செல்லாது. 2021-ன் சிறந்த கல்லூரி வீரர் லூக்கா கார்சா ஆட்டத்துக்கு 24.1 புள்ளிகள் எடுத்தவர், டிராஃப்ட்டில் 52-வது. 2022-ன் சிறந்த வீரர் ஆஸ்கர் ஷீப்வே ஆட்டத்துக்கு 15.1 ரீபவுண்ட் எடுத்தவர். அடுத்த ஆண்டு டிராஃப்ட்டில் பெயரே வரவில்லை.

அப்போ உயரம் எதுக்கு?

உயரம் முக்கியம்தான். ஆனால் தலை எங்கே முடிகிறது என்பதைவிட, கை எங்கே எட்டுகிறது என்பது முக்கியம். டிராஃப்ட்டுக்கு முன் நடக்கும் 'கம்பைன்' முகாமில் காலணி இல்லாமல் உயரம், விரித்த கைகளின் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், குதிக்கும் உயரம், பக்கவாட்டில் ஓடும் வேகம் எல்லாம் அளக்கப்படும். 2024 கம்பைனில் பர்டூவின் சாக் ஈடிக்குக் கை எட்டிய உயரம் 9 அடி 7 அங்குலம். கூடையின் வளையம் இருப்பது 10 அடியில்!

அந்த ஈடிதான் 2023, 2024 என இரண்டு முறை சிறந்த கல்லூரி வீரர். 2024 இறுதிப் போட்டியில் 37 புள்ளிகள் எடுத்தும் அவரது அணி தோற்றது. வென்ற கனெக்டிகட் அணியின் சென்டர் டோனவன் கிளிங்கன் எடுத்தது 11 புள்ளிகள். டிராஃப்ட்டில் கிளிங்கன் 7-வது, ஈடி 9-வது. அப்போது கிளிங்கனுக்கு 20 வயது, ஈடிக்கு 22. வெளியே நகர்ந்து தடுக்க முடியுமா என்ற கேள்வியும் ஈடியைத் துரத்தியது. 22 வயதுக்காரர் 19 வயதுக்காரர்களுக்கு எதிராக ஆதிக்கம் செலுத்தினால் தேர்வாளர்கள் அதில் கொஞ்சம் கழித்துத்தான் பார்ப்பார்கள். சில நேரம் அந்தக் கழிவு அதிகமாகிவிடும்: ஈடி முதல் ஆண்டிலேயே அறிமுக வீரர்களின் சிறந்த ஐவரில் இடம்பிடித்தார்.

வயது எம்பீடுக்கும் சாதகம். பாதத்தில் எலும்பு முறிந்து, டிராஃப்ட்டுக்குச் சில நாள் முன்புதான் அறுவை சிகிச்சை. முதல் இரண்டு சீசன்கள் அவர் ஆடவே இல்லை. ஆனால் 15 வயதில்தான் கூடைப்பந்தையே தொட்ட ஒருவர் 20 வயதில் அந்த அளவு கற்றிருந்தார். அந்த வேகத்துக்குத்தான் ஃபிலடெல்ஃபியா விலை கொடுத்தது.

இந்தியர்களுக்கு என்ன நடந்தது?

புல்லர் துணை லீக் வழியாக 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ அணிக்கு வந்தார். என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி வீரர் அவர். முதல் ஆட்டத்தில் 16 விநாடி. மொத்தம் மூன்று ஆட்டம், 2 புள்ளி. 163 கிலோ உடம்போடு வெளிக்கோட்டுக்கும் கூடைக்கும் ஓடுவது எளிதல்ல.

அதே ஆண்டு ஜூனில், பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த 7 அடி 2 அங்குல சத்னாம் சிங்கை டல்லாஸ் 52-வதாக எடுத்தது. டிராஃப்ட் ஆன முதல் இந்தியர். லூதியானா அகாடமியிலிருந்து 14 வயதில் ஃபுளோரிடா போனவர், கல்லூரி ஆட்டமே ஆடாமல் நேராக வந்தார். துணை லீக்கில் இரண்டு சீசன் ஆடினார். ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. இப்போது தொழில்முறை மல்யுத்தத்தில் இருக்கிறார்.

இருவருக்கும் உயரம் கதவைத் திறந்தது. உள்ளே ஓட வேண்டிய வேகத்தை உயரத்தால் தர முடியவில்லை. இந்தியாவில் உள்ளூர் ஆட்டங்கள் சர்வதேச விதிப்படி நடக்கின்றன. அதில் தடுப்பவருக்கு அந்த 3 விநாடிக் கட்டுப்பாடு கிடையாது. உயரமான பையனைக் கூடைக்குக் கீழே நிறுத்தினாலே மேட்ச் ஜெயிக்கலாம். அந்த வசதியே பிறகு அவனுக்குத் தடையாகிறது.

அடுத்த முறை நீங்கள் கவனிக்க...

புனே கோர்படியில் இருந்தாலும் சரி, சென்னை சோழிங்கநல்லூரில் இருந்தாலும் சரி, அமெரிக்க ஆட்டங்கள் நமக்குக் காலைக் காபி நேரத்தில்தான் வரும். ஒரு கல்லூரி பிக் மேனைப் பார்த்தால் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. அவர் வயது என்ன, எப்போது ஆடத் தொடங்கினார்?

2. எத்தனை நிமிடத்தில், எந்தத் தரத்து அணிகளுக்கு எதிராக இந்த எண்கள் வந்தன?

3. ஃப்ரீ த்ரோ சதவீதம் 70-ஐத் தாண்டுகிறதா?

4. மறைப்பு வரும்போது வெளியே போய், மறுபடி கூடைக்குத் திரும்ப அவரால் முடிகிறதா?

5. கால், முதுகு, முழங்காலில் பழைய காயம் உண்டா?

நான்காவது கேள்விக்கு எந்த அட்டவணையிலும் நேரடி விடை கிடைக்காது. அதற்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்: பந்தை விட்டுவிட்டு, ஒரு ஐந்து நிமிடம் அவர் கால்களை மட்டும் பாருங்கள்.