பழைய ஜீப்பும் பின்சில்லு பிறேக்கும்: ஒரு சிறு வரலாறு

வெள்ளவத்தையிலிருந்து பாமன்கடைக்கு இட்டுச்செல்லும் வீதிக்குச் சிங்கள நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயர் சூட்டப்பட்டுப் பல காலமாகிறது. எங்கள் பெற்றோரின் நாவில் மட்டும் அது கடைசிவரை 'ஹை ஸ்றீற்' ஆகவே இருந்தது. பாமன்கடைப் பக்கத்து ஒழுங்கைகளில் உள்ள சிறு கராஜ்களில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய லாண்ட் றோவர்களும் ஜீப்புகளும் சில்லுகள் கழற்றப்பட்டு, கட்டைகளின் மேல் நிற்பதை இன்றும் காணலாம். நூதனசாலையில் இருக்க வேண்டியவை என்று பிற நாட்டவர் கருதும் வாகனங்கள் இங்கே அடுத்த வாரம் மலையேறுவதற்காகக் காத்திருக்கின்றன.

இவ்வாகனங்களின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எந்திரத்தின் வரலாற்றையே சொல்வார்கள். எந்த எந்திரம் இருந்தது, அதை எடுத்துவிட்டு எதைப் பூட்டினார்கள், எந்த மலையை எந்தக் கியரில் ஏறியது என்பனவே பேச்சாக இருக்கும். அது எப்படி நின்றது என்பதை எவரும் சொல்வதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது. குறிப்பாக, அதிகம் கவனிக்கப்படாத பின்சில்லு பிறேக்குகளைப் பற்றியது.

இறக்கம் என்பது இந்நாட்டில் மோட்டார் வாகனத்துக்கு முந்திய சிக்கல். 1867இல் கண்டிக்கு ரயில் பாதை திறக்கப்படும்வரை மலைநாட்டுக் காப்பியின் பெரும்பகுதி கடுகண்ணாவைக் கணவாய் வழியாக மாட்டு வண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கிற்று. ஏற்றத்தில் மாடு இழுத்தது. இறக்கத்தில் மாட்டைப் பின்னாலிருந்து தள்ளும் பாரத்தை, சில்லோடு உரசும் மரக்கட்டையைக் கொண்டே வண்டிக்காரன் அடக்க வேண்டியிருந்தது. சுழலும் பொருளின்மேல் ஒன்றை அழுத்தி, வேகத்தைச் சூடாக மாற்றுவதே பிறேக். கட்டையின் இடத்துக்குப் பின்னர் வேறு பொருள்கள் வந்தன, தத்துவம் மாறவில்லை.

ஜீப் இங்கு பரவலாக அறிமுகமானது இரண்டாம் உலகப் போரின் காலத்தில். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டிக்கு மாற்றப்பட்டது. நேச நாட்டுப் படைகளோடு வந்த வில்லிஸ் ஜீப், ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள சிறு வாகனம். நான்கு சில்லுகளிலும் 9 அங்குல ட்ரம் பிறேக்குகள் இருந்தன. அந்த எடைக்கும் அந்த வேகத்துக்கும் அவை போதுமானவை. அதை முன்மாதிரியாகக் கொண்டே இங்கிலாந்தின் றோவர் நிறுவனம் லாண்ட் றோவரை உருவாக்கி, 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் வெளியிட்டது. போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால் உடற்பகுதிக்கு அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். கடற்காற்று வீசும் கொழும்பிலும் அதன் உடல் எளிதில் துருப்பிடிக்காததற்குக் காரணம் அந்தத் தட்டுப்பாடே. ஆனால் பிறேக் குழாய்கள் உருக்காலானவை. அவை துருப்பிடித்தன.

ட்ரம் பிறேக் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில்லோடு சேர்ந்து ஒரு வார்ப்பிரும்புக் கிண்ணம் சுழல்கிறது. அதனுள்ளே பிறை வடிவான இரண்டு ஷூக்கள் உள்ளன. மிதியை அழுத்தியதும் பிறேக் ஒயில் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அவை கிண்ணத்தின் உட்சுவரில் உரசுகின்றன. சுழற்சியின் திசையிலேயே அழுத்தப்படும் ஷூவைக் கிண்ணமே மேலும் இறுக்கிக்கொள்ளும். ஆகையால் குறைந்த மிதி அழுத்தத்தில் நல்ல பிடி கிடைக்கும். இது அதன் சிறப்பு. குறையோ சூட்டில் வெளிப்படும். கிண்ணம் சூடேறி விரியும்போது ஷூவை விட்டு விலகுகிறது. உரசும் பட்டையின் பிடியும் தளர்கிறது. மிதி மேலும் மேலும் கீழே போகிறது. ஆற்றைக் கடந்தால் கிண்ணத்துக்குள் நீரும் சேறும் புகுந்து உடனே வெளியேறாமல் தங்கிவிடுகின்றன.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் கதவு ஏறக்குறைய மூடியே இருந்தது. உள்ளதைக் கொண்டு ஓட வேண்டிய நிலை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானிய உதிரிப்பாகங்கள் வந்தன. பஞ்சிகாவத்தை அவற்றின் பெருஞ்சந்தையாயிற்று. பழைய லாண்ட் றோவரின் பெற்றோல் எந்திரம் இறக்கப்பட்டு, ஜப்பானிய டீசல் எந்திரம் ஏற்றப்பட்டது. வடக்கில் 1990இன் பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயில் ஓட்டியதை வாசகர்கள் அறிவீர்கள். ஓடவைக்கும் கலையில் நமக்கு நிகர் நாமே.

நிறுத்தும் கலையில் அந்த அக்கறை இருக்கவில்லை. ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து பாமன்கடையில் நீண்ட காலமாகத் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவர் என்னிடம் இதை ஒரே வரியில் சொன்னார்: "எஞ்சின் மாத்தப் பத்துப் பேர் வருவாங்க ஐயா, பிறேக்க மாத்த ஒருத்தர்தான் வருவாரு." எந்திரம் புதிதாயிற்று, வேகம் கூடிற்று, பாரமும் கூடிற்று. சில்லுக்குள் இருந்தது மட்டும் 1950களின் ட்ரம்.

இதன் பொருளைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். வேகம் கூடும்போது அடக்க வேண்டிய சக்தி அதன் வர்க்கமாகக் கூடுகிறது. மணிக்கு 50 கிலோமீற்றரில் செல்லும் வாகனம் 80இல் சென்றால் பிறேக்கின் வேலை இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. இரண்டு தொன் எடையுள்ள வாகனம் 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சாதாரண வெப்பநிலையில் உள்ள 30 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைத் தாழ்ந்த கியரில் எந்திரம் தாங்கிக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் நான்கு சில்லுகளின் உட்புறத்தில் சூடாகிறது. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குபவர் 500 மீற்றருக்கும் மிக அதிகமாகவே இறங்குகிறார்.

மாற்று வழி புதியதல்ல. திறந்த வட்டத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் பிறேக்குக்கு பிரித்தானியரான பிரெடரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். அது தன் தகுதியை உலகுக்குக் காட்ட அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953இல் லு மான் 24 மணிநேர ஓட்டப் போட்டியில் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜகுவார் வென்றது. திறந்து நிற்பதால் காற்று அதைக் குளிர்விக்கிறது. சூட்டில் விரிந்தாலும் பாட்களை விட்டு விலகுவதில்லை. நீரை உதறித் தள்ளுகிறது. 1970இல் வெளியான ரேஞ்ச் றோவர் நான்கு சில்லுகளிலும் டிஸ்க்குடன் வந்தது. ஆனால் அதன் உழைப்பாளிச் சகோதரனான லாண்ட் றோவர், 1983இன் 110 வகையில்தான் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பெற்றது. பின்சில்லுகளுக்கு அது கிடைக்க மேலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின.

பின்சில்லு ஏன் கடைசியாயிற்று? காரணம் உண்டு. பிறேக் பிடிக்கும்போது வாகனத்தின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே பெரும்பகுதி வேலையை முன்சில்லுகளே செய்கின்றன. பின்சில்லுகள் முந்திக்கொண்டு இறுகினால் வாகனத்தின் பின்புறம் வழுக்கித் திரும்பிவிடும். மழை நனைத்த வளைவில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முன்சில்லுகள் பழைய ட்ரம்மிலேயே இருக்க, பின்சில்லுக்கு மட்டும் டிஸ்க் போடுவது மேம்பாடு ஆகாது. முதலில் முன், பிறகு பின் என்பதே முறை. அதே வேளை, யால வனத்தில் காண்பது போல் பின்தட்டில் உயர்ந்த இருக்கைகள் அமைத்துப் பயணிகளை ஏற்றும் ஜீப்பிலும், மூட்டை ஏற்றும் பிக்கப்பிலும் பின்சில்லின் பங்கு கூடுகிறது என்பதையும் மறத்தலாகாது.

பழைய லாண்ட் றோவரில் இம்மாற்றத்துக்கு வசதியான ஓர் அமைப்பு உண்டு. அதன் ஹாண்ட் பிறேக் பின்சில்லுகளில் இல்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குச் செல்லும் தண்டின்மேல் தனி ட்ரம்மாக அமைந்துள்ளது. எனவே பின்சில்லின் ட்ரம்மை எடுத்துவிட்டாலும் ஹாண்ட் பிறேக்குக்குப் பாதிப்பில்லை. ஹாண்ட் பிறேக் பின்சில்லின் ட்ரம்முக்குள்ளேயே இயங்கும் வாகனங்களின் நிலை வேறு. அங்கே ட்ரம்மைக் கழற்றினால் ஹாண்ட் பிறேக்கும் போய்விடும். அதற்கென ஏற்பாடுள்ள கலிப்பர் தேவை. லாண்ட் றோவர் அமைப்பிலும் ஓர் ஆபத்து உண்டு. ரயர் மாற்றப் பின்சில்லு ஒன்றை ஜக்கால் உயர்த்தினால், தூக்கிய சில்லு சுழலக் கூடியதாகையால் ஹாண்ட் பிறேக்கின் பிடி பயனற்றுப் போகும். தரையிலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் அவ்வேலையில் இறங்கக் கூடாது. மாட்டு வண்டிக் காலத்துக் கட்டைக்கு இன்றும் வேலையிருக்கிறது.

சில்லில் செய்வதோடு வேலை முடிவதில்லை. ட்ரம் அமைப்புகளில், ஷூக்கள் முழுதாகப் பின்வாங்காதிருக்கக் குழாயில் சிறிதளவு அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருப்பது வழக்கம். டிஸ்க் பூட்டியபின் அது அகற்றப்படாவிட்டால், பாட்கள் ஓயாது உரசிச் சூடேறும். டிஸ்க்குக்கு அதிக ஒயில் தேவையாதலால் மாஸ்ரர் சிலிண்டரும் பொருந்த வேண்டும். ட்ரம்மின் தானே இறுக்கும் குணம் டிஸ்க்குக்கு இல்லாமையால் பூஸ்ரர் வேண்டும். பூஸ்ரர் இயங்க வெற்றிடம் வேண்டும். பெற்றோல் எந்திரம் அதைத் தானே தரும். டீசல் எந்திரம் தராது, அதற்குத் தனி வக்கியூம் பம்ப் இருக்க வேண்டும். எந்திரத்தை மாற்றியவர் இதை மறந்திருந்தால் மிதி கல்லாகிவிடும். பழைய லாண்ட் றோவர்களில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் அனைத்தும் போகும். அதை இரட்டைச் சுற்றாக்குவது டிஸ்க்கைவிட முதன்மையானது என்பேன். இறுதியாக, வெறும் மைதானத்தில் சோதித்து, முன்சில்லுகளே முதலில் இறுகுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

செலவு செய்ய இயலாதவர் செய்யக் கூடியதும் உண்டு. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகை ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் அது 140 பாகை வரை தாழலாம். கொழும்பின் புழுக்கத்தில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத ஒயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால், மிதி தரையைத் தொடும், வாகனம் நிற்காது. ஈராண்டுக்கொருமுறை ஒயிலை மாற்றுவதும் துருப்பிடித்த குழாயைச் செம்பு-நிக்கல் குழாயாக மாற்றுவதும் பெருஞ்செலவல்ல. பழைய பட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்திருக்கலாம். கிண்ணத்தைத் திறந்ததும் தூசியைக் காற்றால் ஊதும் நம் கராஜ் வழக்கத்தைக் கைவிட்டு, ஈரத் துணியால் துடைத்தெடுப்பது தொழிலாளியின் நுரையீரலுக்கு நல்லது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வரிகளோடு சேர்ந்த விலை எளியவருக்கு எட்டாதது. ஆகவே பழைய வாகனங்கள் நம் வீதிகளில் இன்னும் நெடுங்காலம் ஓடும். அதே 2025இல், மே 11 அன்று கொத்மலை கரண்டி எல்லவில் இருபதுக்கும் மேற்பட்டோரும், செப்டெம்பர் 4 அன்று எல்ல-வெல்லவாய வீதியில் 15 பேரும் பேருந்துகள் பள்ளத்தில் வீழ்ந்து மாண்டனர். அவற்றின் காரணங்களைத் தீர்ப்பது என் வேலையன்று. மலை வீதி வாகனத்துக்கு வாகனம் சலுகை காட்டுவதில்லை என்பதற்காகவே அவற்றை இங்கு நினைவூட்டினேன்.

தட்டுப்பாடு நமக்கு எதையும் ஓடவைக்கக் கற்றுக்கொடுத்தது. அது பெருமைக்குரிய கல்வி. ஆயினும் பாதிக் கல்வி. பழைய ஜீப்புக்குப் பணம் ஒதுக்கும் நண்பர்கள் கணக்கின் முதல் வரியில் எந்திரத்தை எழுதுகிறார்கள். அந்த வரியில் பிறேக்கை எழுதி, எந்திரத்தை இரண்டாம் வரிக்குத் தள்ளும் வழக்கம் நம்மிடம் வரவேண்டும். ஏற்றத்தில் எந்திரம் தோற்றால் வாகனம் நின்றுவிடும். இறக்கத்தில் பிறேக் தோற்றால் அது நிற்பதில்லை.