'ரிப்ளை ஆல்' எப்போது தட்டலாம்? எப்போது தட்டவே கூடாது? முழு விளக்கம்!

அலுவலகத்தில் 60 பேருக்கு வந்த மெயில் அது. மேனேஜரைக் கிண்டல் செய்து நண்பருக்கு மட்டும் ஒரு வரி எழுதி அனுப்புகிறீர்கள். அனுப்பிய பிறகுதான் தெரிகிறது, தட்டியது 'ரிப்ளை' இல்லை, 'ரிப்ளை ஆல்'! சிலருக்கு இது வேலைக்கே வேட்டு வைத்துவிடும். எந்தப் பதிலை எல்லோருக்கும் அனுப்பணும், எதை ஒருவருக்கு மட்டும் அனுப்பணும்? பார்க்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டையே திணறடித்த 'மீ டூ'

1997 அக்டோபரில் நடந்த சம்பவம் இது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் 'பெட்லாம் டிஎல்3' என்ற பெயரில் ஒரு மெயில் பட்டியல் இருந்தது. அதில் சுமார் 13,000 ஊழியர்களின் முகவரிகள். "என்னை இந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள்" என ஒருவர் மொத்தப் பட்டியலுக்கும் மெயில் போட, "மீ டூ", "மீ டூ" என்று பதில்கள் குவிந்தன. "ரிப்ளை ஆல் போடாதீங்க" என்று கெஞ்சியவர்களும் அதை ரிப்ளை ஆலிலேயே போட்டதுதான் வேடிக்கை. சுமார் 1.5 கோடி மெயில்கள் பறந்து, சர்வர்கள் திணறின.

2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸிலும் இதே கதைதான். தவறுதலாக லட்சக்கணக்கான ஊழியர்களுக்குப் போன ஒரு டெஸ்ட் மெயிலுக்குப் பலரும் ரிப்ளை ஆல் போட, மெயில் சேவையே மந்தமானது. இப்படிப்பட்ட மெயில் வெள்ளத்தைத் தடுக்க, 2020-ல் மைக்ரோசாஃப்ட் தனது ஆபீஸ் 365 சேவையில் தனிப் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது.

எல்லோருக்கும் அனுப்ப வேண்டியது எது?

* மீட்டிங் நேரம் மாறுவது போல, எல்லோருடைய வேலையையும் பாதிக்கும் தகவல்.

* பொதுவில் கேட்கப்பட்ட தொழில்நுட்பக் கேள்விக்கான பதில். தனியாகச் சொன்னால், அதே சந்தேகம் உள்ள மற்றவர்களுக்கு அது போய்ச் சேராது. நீங்கள் சொன்னது தப்பாக இருந்தால் திருத்தவும் ஆள் இருக்காது.

* தனியாகப் பேசித் தீர்த்த பிரச்னையின் முடிவு. "இதைச் செய்தேன், சரியாகிவிட்டது" என்று ஒரு வரி போட்டால் போதும்.

ஒருவருக்கு மட்டும் எது?

* "நன்றி", "ஓகே", "வாழ்த்துகள்" போன்ற ஒற்றை வார்த்தைப் பதில்கள்.

* சம்பளம், விடுப்பு, உடல்நிலை பற்றிய விஷயங்கள்.

* ஒருவரின் சின்னத் தவறைச் சுட்டிக்காட்டுவது. பத்து பேர் முன்னால் சொன்னால் திருத்தமாகத் தெரியாது, அவமானமாகத்தான் தெரியும். ஆனால் அந்தத் தவறை நம்பி மற்றவர்கள் வேலையைத் தொடங்கும் அபாயம் இருந்தால், பொதுவிலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

* இருவருக்குள் நீளும் வாக்குவாதம். 1995-ல் வெளியான 'ஆர்எஃப்சி 1855' என்ற இணைய நாகரிக வழிகாட்டியே இதைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. உங்களுக்குத் தனியாக வந்த மெயிலைப் பொதுவில் போடும் முன் அனுப்பியவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

பிசிசி-யில் இருக்கிறீர்களா? உஷார்!

பிசிசி-யில் இருப்பவர் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவர் ரிப்ளை ஆல் போட்டால், ரகசியமாகச் சேர்க்கப்பட்ட விஷயம் அம்பலமாகிவிடும். உங்களுக்கு மட்டுமல்ல, உங்களைச் சேர்த்தவருக்கும் அது சங்கடம்தான்.

தவறி அனுப்பிவிட்டால்?

ஜிமெயிலில் 'அன்டூ சென்ட்' வசதிக்கு அதிகபட்சமாக 30 நொடி வரை நேரம் வைக்கலாம். முன்கூட்டியே செட்டிங்ஸில் மாற்றி வைப்பது நல்லது. அந்த நேரமும் கடந்துவிட்டால், "தவறுதலாக அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும்" என ஒரே ஒரு மெயில் போதும். யாரையாவது புண்படுத்தியிருந்தால், அவரிடம் நேரில் போய்ப் பேசிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே கதைதான். அங்கே ஒருவருக்கு மட்டும் பதில் சொல்ல 'ரிப்ளை பிரைவேட்லி' இருக்கிறது.

சென்ட் பட்டனைத் தட்டும் முன் 'டூ', 'சிசி' வரிசையை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். அதில் உள்ள ஒவ்வொருவரும் இதைப் படித்தால் பரவாயில்லையா? ஒரு பெயரில் மனசு உறுத்தினாலும், ரிப்ளை ஆல் வேண்டாம்!