மலைக்கு அந்தப் பக்கம் பெய்த மழை

ஆனி பிறந்துவிட்டால் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையுச்சி கண்ணில் படாது. ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு தொடங்கி சேத்தூர், சிவகிரி வரை மேகம் அப்பிக்கொண்டு நிற்கும். ஊருக்குள் இறங்குவதோ காற்றும் நாலு தூறலும்தான். தென்மேற்குப் பருவமழை முக்கால்வாசியும் மலையின் அந்தச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சிவகிரி மலைப் பகுதியில் பிறந்த பெரியாறு அத்தனை தண்ணீரையும் திரட்டிக்கொண்டு, முதலில் வடக்கே ஓடி, முல்லையாற்றைச் சேர்த்துக்கொண்டு, மேற்கே திரும்பி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே வைகைக்கரை காய்ந்து கிடந்தது. இது பொறுக்காமல் முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தவர் ஒரு பிரதானி.

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரம் சேதுபதியிடம் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை, பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வழி உண்டா என்று ஆராய்ந்தார். செலவு கஜானாவுக்குத் தாங்காது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். 1808இல் கும்பினியாரின் பொறியாளர் கேப்டன் கால்டுவெல் வந்தார். நூறடிக்கு மேல் மலையைத் தோண்ட வேண்டும் என்று கண்டு, இது ஆகாத காரியம் என்று எழுதிவைத்துப் போனார். 1850இல் அணை வேலை தொடங்கியேவிட்டது. ஆனால் அந்தக் காட்டில் உடம்பு தாங்காது என்று சொல்லிக் கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்க, அதுவும் நின்றது. கட்டிவைத்த கோப்பை மறுபடி அவிழ்க்க ஒரு பெரும் சாவு தேவைப்பட்டது.

1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. தென் சீமையில் சனம் பட்டினியில் விழுந்து மடிந்தது. அதன் பிறகுதான் சென்னை அரசாங்கத்துக்கு அவசரம் பிறந்தது. 1882இல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கிடம் திட்டத்தை ஒப்படைத்தார்கள். அவர் மலையை வெட்டிப் பிளக்க நினைக்கவில்லை. ஆற்றை மறித்து உயரமாக நீரைத் தேக்கி, மலைமுதுகில் ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் குடைந்து, அதன் வழியே நீரை இந்தப் பக்கம் இறக்கிவிடலாம் என்றார். எல்லாம் சரிதான், தேக்க வேண்டிய இடம் திருவிதாங்கூர் மகாராஜாவின் காடாக இருந்தது.

1886 அக்டோபர் 29ஆம் தேதி குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அந்த 8,000 ஏக்கரும் வெறும் நிலமல்ல. யானையும் காட்டெருமையும் நடமாடிய மழைக்காடு. நெடுமரங்களெல்லாம் பத்திரத்தில் ஏக்கர் கணக்காகச் சுருங்கிப்போயின. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியபோது காடும் ஆறும் சும்மா இருக்கவில்லை.

ஓடுகிற ஆற்றுக்குள் அஸ்திவாரம் போட, முதலில் தற்காலிகத் தடுப்பு கட்டி நீரை ஒதுக்க வேண்டும். கட்டினார்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள், மறுபடி போனது. மதராஸ் பயனியர் படையாட்களும் கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் சேர்ந்து பாடுபட்ட இடம் அது. செங்கல்லைச் சுட்டுப் பொடியாக்கிய சுர்க்கியைச் சுண்ணாம்போடு குழைத்து, கல்லுக்கு மேல் கல்லாக ஏற்றினார்கள். நோயில் மட்டும் 483 பேர் போனார்கள். அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். பென்னிகுயிக் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இந்த 483 பேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அவர்கள் உயிரைக் கொடுத்த சுவர் ஒருவழியாக 176 அடிக்கு எழுந்தது.

1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு மதகைத் திறந்துவைத்தார். மழை நீர் சுரங்கத்துக்குள் புகுந்து, சுருளியாறு வழியே வைகைக்கு வந்தது. வந்த காரியம் முடிந்தது என்று எல்லோரும் கிழக்கே, வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

நீர் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஏறியது. மரங்கள் நின்றபடியே மூழ்கின. குன்றுகள் தீவுகளாயின. இங்கேதான் யாரும் திட்டமிடாத ஒரு அதிர்ஷ்டம். சுரங்கத்தின் வாய் ஆற்றுப்படுகைக்கு நூறடிக்கு மேலே இருந்தது. அதற்குக் கீழே நிற்கும் நீரை வயலுக்கு இழுக்கவே முடியாது. வைகைக்குக் கணக்கில் சேராத தண்ணீர்தான், ஆனால் சித்திரை வெயிலிலும் அது வற்றவில்லை. கோடையில் நீர்மட்டம் இறங்கிய கரையெல்லாம் பச்சைப் புல் முளைத்தது. சுற்றியிருந்த காட்டு விலங்குகளுக்கு அந்த வாசம் எட்டாமல் இருக்குமா?

யானைகள் குட்டிகளோடு இறங்கின. காட்டெருமை, மிளா, காட்டுப்பன்றி எல்லாம் பின்னாலேயே வந்தன. 1899இல் ஏரியைச் சுற்றிய காடு காப்புக்காடானது. 1934இல் திருவிதாங்கூர் அரசு அங்கே நெல்லிக்காம்பெட்டி சரணாலயத்தை அமைத்தது. மகாராஜாவுக்கு ஏரிக்குள் ஒரு மாளிகையும் எழுந்தது. 1978இல் புலிகள் காப்பகம். பஞ்சத்துக்காகத் தேக்கிய நீரைப் பார்க்க மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு ஜனம் கிளம்பியது, தேனி, கம்பம், குமுளி என்று மலையைச் சுற்றிக்கொண்டு.

அதுதான் தேக்கடி. இயற்கை வரைந்த ஏரி என்று நம்பிப் பலரும் படகேறும் அந்த நீரில், கருத்த கட்டைகள் நட்டுவைத்தாற்போல் நிற்கின்றன. பட்டையும் கிளையும் உதிர்ந்து, நுனியில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காய்கிறது. பாம்புத்தாரா கழுத்தை நீட்டுகிறது. குத்தகைப் பத்திரத்தில் ஏக்கராய்ச் சுருங்கிய மரங்கள் இவைதான். அணை படகுத்துறையிலிருந்து வெகுதூரம். சுற்றுலாப் படகு அங்கே போவதில்லை. ஏரியிலிருந்து தண்ணீரைத் தமிழ்நாடு திறக்கிறது. காடு கேரளத்தினுடையது; மீன்பிடி உரிமையும் 1970இல் அவர்களுக்கே திரும்பியது. அதே ஆண்டில் மூழ்கிய நிலத்தின் வாடகையும் ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது.