மதுரை வட்டாரத்தில் நடிகர் அரசியல்

நடிகர் அரசியல் என்பது நாடகத்தாலோ திரைப்படத்தாலோ பெயர் பெற்றவர்கள் சட்டமன்றம், அமைச்சரவை, முதலமைச்சர் நாற்காலி ஆகியவற்றை நாடி வாக்காளரிடம் வருவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இதன் வரலாற்றைச் சென்னையிலிருந்து தொடங்குவதே வழக்கம். படப்பிடிப்புத் தளங்களும் தலைமைச் செயலகமும் அங்கே இருப்பதால் அது இயல்புதான். ஆனால் ஒரு நடிகர் தன் பின்னால் எவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று அறிய வந்த ஊர் பெரும்பாலும் மதுரையே. தமுக்கம் மைதானம், ஒத்தக்கடை, பாரபத்தி, வண்டியூர்ச் சுங்கச்சாவடியை ஒட்டிய திடல் என்று காலத்துக்கேற்ப இடம் மாறியது, வருகை நிற்கவில்லை. 2025 ஜூன் 22 அன்று வண்டியூர்த் திடலில் நடந்த முருக பக்தர்கள் மாநாட்டுக்கு ஆந்திரத் துணை முதலமைச்சரான நடிகர் பவன் கல்யாண் வந்தார். அண்டை மாநில நடிகரும் மதுரை மேடையைத் தேடி வரும் அளவுக்கு இவ்வழக்கம் இங்கே வேர்விட்டிருக்கிறது.

நாடகக் கொட்டகையின் காலம்

வேர் சினிமாவுக்கும் முந்தையது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவைத் தொடங்கினார். சிறுவர்களையே நடிகர்களாக்கி ஊர் ஊராகச் சென்ற 'பாய்ஸ் கம்பெனி'கள் பலவும் மதுரைப் பெயரையே தாங்கின. எம்.ஜி. இராமச்சந்திரன் சிறு வயதில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி கணேசன் சேர்ந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் மதுரை ஸ்ரீ பாலகான சபா. பின்னாளில் வாக்குக் கேட்டு மேடையேறிய இருவருக்கும் கூட்டத்தின் முன் நிற்கப் பழக்கியது இந்தக் கொட்டகைகள்தாம்.

அந்தக் கொட்டகையில் அரசியல் பேசியதற்குக் கொடுத்த விலை சிறை. சிவகாசியில் பிறந்து மதுரையை அடுத்த திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், புராண நாடகங்களுக்கு நடுவே விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை கைதானார். அவர் பாடியவற்றில் பல மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதியவை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் உண்டு. பதவி எதையும் கேளாமல் அரசியலுக்கு வந்த நடிகர் வரிசையில் அவரே முதன்மையானவர். இன்றைய நடிகர் கட்சிகளின் மேடைகளில் அவர் பெயர் ஒலிக்காதது பெருங்குறை.

கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள் காங்கிரசுக்காகத் தேர்தல் மேடைகளில் பாடினார். 1950களில் சட்ட மேலவை உறுப்பினரானார். அது நியமனம், வாக்காளர் தீர்ப்பு இன்னும் வரவேண்டியிருந்தது.

சேடபட்டியிலிருந்து சட்டமன்றம்

1949 செப்டம்பர் 17இல் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகம் திரையைக் கட்சியின் ஒரு கிளை போலவே நடத்தியது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வெளிவந்தபோது மதுரையில் அதைத் திரையிட்டது தங்கம் தியேட்டர். 2,500க்கு மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டு, ஆசியாவின் மிகப்பெரிய திரையரங்கு என்று மதுரைக்காரர்கள் பெருமையோடு சொன்ன கட்டடம் அது, இப்போது இல்லை. பொதுக்கூட்டத்துக்கு வராத கூலித் தொழிலாளியும் வீட்டுப் பெண்களும் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து கட்சியின் வசனத்தைக் கேட்டார்கள். எந்தக் கட்சிக்கும் அதற்கு முன் வாய்க்காத வாய்ப்பு அது.

அந்தப் படத்தில் நடித்தவர்களில் ஒருவர் எஸ்.எஸ். இராசேந்திரன். முதலெழுத்துகளில் முதல் 'எஸ்' அன்றைய மதுரை மாவட்டத்துச் சேடபட்டியைக் குறிக்கும். 'இலட்சிய நடிகர்' என்று அழைக்கப்பட்ட இவர், 1962இல் தேனித் தொகுதியில் தி.மு.க. சார்பில் வென்றார். தேனியும் அப்போது மதுரை மாவட்டம்தான். நடிகர் ஒருவர் தேர்தலில் நின்று சட்டமன்றம் சென்றது இந்தியாவிலேயே அது முதன்முறை என்று கருதப்படுகிறது. எம்.ஜி.ஆரின் ஒளியில் இவர் மங்கிப்போனார். ஆயினும் பேரவைக்குள் நடிகர்களுக்கு வாக்குச்சீட்டால் வழி திறந்தவர் இவரே. 1970இல் மாநிலங்களவைக்குச் சென்றார், 1980இல் அ.தி.மு.க. சார்பில் ஆண்டிபட்டியில் வென்றார்.

1958இல் 'நாடோடி மன்னன்' வெற்றிபெற்றபோது மதுரையில் எம்.ஜி.ஆருக்குப் பெருவிழா எடுத்தவர் தி.மு.க.வின் மதுரை முத்து. ஊர்வலம், தங்க வாள் என்று அந்த விழா ஒரு மன்னனுக்குரியதாகவே நடந்தது. படத்தில் முடிசூடியவரை ஊரும் முடிசூட்டிப் பார்த்த நாள் அது. இதே காலத்தில்தான் எம்.ஜி.ஆர். மன்றங்கள் தெருத்தெருவாகப் பரவின. ரிக்‌ஷா ஓட்டுபவர், நெசவாளர், பீடி சுற்றுபவர், தியேட்டர் வாசலில் கடை வைத்தவர் ஆகியோர் சேர்ந்து ஒரு பலகை எழுதி மாட்டினால் அது மன்றம். படம் வெளியாகும் நாளில் தோரணம் கட்டியவர்களே தேர்தல் நாளில் வாக்காளர் சீட்டு எழுதினார்கள். காங்கிரஸ் மேடைகளில் 'கூத்தாடிகள்' என்று ஏளனம் செய்தவர்கள், அந்தச் சொல் நடிகரைவிட அவரைத் தம்மவராகக் கருதிய ஏழைகளையே சுடும் என்று உணரவில்லை.

1967 ஜனவரி 12இல் எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் கட்டோடு கிடந்த எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றார். 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அதே மாதம் 17ஆம் நாள் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். புதிய கட்சிக்கு முதல் தேர்வு வைத்ததும் மதுரைச் சீமைதான். 1973 மே மாதம், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லில் மக்களவை இடைத்தேர்தல். அதே மாதம் 11ஆம் நாள் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது. அந்தப் படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்வதாக மதுரை முத்து சவால் விட்டதாக இன்றும் பேசுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விழா எடுத்தவரே எதிரணியில் நின்றார். பின்னாளில் அவரே அ.தி.மு.க.வில் சேர்ந்தார். மே 20இல் நடந்த வாக்குப்பதிவில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் பெரும் வித்தியாசத்தில் வென்றார். இரட்டை இலைக்கு அதுவே முதல் வெற்றி.

மதுரை மேற்கு, 1980

1977 ஜூன் 30இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அவர் நடித்து அதன்பின் வெளியான கடைசிப் படத்தின் பெயர் 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்'. 1980 பிப்ரவரியில் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 2 இடங்கள் மட்டுமே. அந்த நிலையில் அவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிடத் தேர்ந்த தொகுதி மதுரை மேற்கு. வென்றார், கட்சியும் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தது. 1986இல் இங்கே கூடிய மன்ற மாநாட்டில் ஜெயலலிதா அவருக்கு ஆளுயர வெள்ளிச் செங்கோல் அளித்தார். யாருக்குப் பின் யார் என்பதைப் பலரும் அன்று அந்தக் காட்சியில் படித்துக்கொண்டார்கள். இன்று மாட்டுத்தாவணியில் இறங்கும் பயணி எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கிய பேருந்து நிலையத்தில்தான் இறங்குகிறார்.

எம்.ஜி.ஆர். ஆட்சியை எப்படி மதிப்பிடுவது என்பதில் ஆய்வாளர்கள் ஒருமுகமாக இல்லை. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றை நிறைத்தது. அதை மறுப்பவர் யாருமில்லை. ஆனால் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூலில், திரையில் ஏழைக்காக வாள் வீசியவரின் ஆட்சியில் வரிச்சுமை ஏழைமீதே ஏறியது என்று வாதிட்டார். மதுரையிலேயே தங்கி ஆய்வுசெய்த மானிடவியலாளர் சாரா டிக்கி மறுபக்கத்தைக் காட்டினார். மன்றத்து இளைஞர்கள் மயங்கிய கூட்டம் அல்லர். உதவி செய்வதன் மூலம் தமக்கும் தெருவில் ஒரு மதிப்பைத் தேடிக்கொண்டவர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை பிடிபடும். மன்றத்துக்காரரின் உழைப்பு மெய்யானது. அதற்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது மிகக் குறைவு.

வாரிசாக வந்த ஜெயலலிதாவை 'நடிகை' என்று ஒதுக்கியவர்களும் கணக்குத் தவறினார்கள். 1982இல் கட்சியில் சேர்ந்து, கொள்கை பரப்புச் செயலாளராகி, 1984இல் மாநிலங்களவை சென்று, 1989இல் போடிநாயக்கனூரில் வென்ற பிறகே அவர் 1991இல் முதலமைச்சரானார். அதே 1989இல் எம்.ஜி.ஆரின் மனைவி வி.என். ஜானகி ஆண்டிபட்டியிலும், சிவாஜி கணேசன் தம் சொந்தக் கட்சியோடு திருவையாற்றிலும் தோற்றார்கள். நடிப்பில் சிவாஜிக்கு நிகர் யார்? திருவையாற்று வாக்காளர் அவர் நடிப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் கேட்ட பதவி வேறு என்று தெளிவாக இருந்தார், அவ்வளவே.

கேப்டன்

மதுரை மண் தந்த நடிகர் தலைவர்களில் மிக நெருக்கமாக நினைக்கப்படுபவர் 'கேப்டன்' விஜயகாந்த். 1952 ஆகஸ்ட் 25இல் பிறந்து மதுரையில் வளர்ந்தவர். தந்தை அரிசி ஆலை நடத்தினார். படப்பிடிப்பில் கடைசித் தொழிலாளிக்கும் தனக்கு வரும் அதே சாப்பாடு என்று வைத்த வழக்கமும், நடிகர் சங்கத்தைக் கடனிலிருந்து மீட்ட நிர்வாகமும் அவருக்கு நற்பெயர் தந்தன. 2001 உள்ளாட்சித் தேர்தலிலேயே அவர் ரசிகர்கள் வார்டுகளில் நின்று வென்றிருந்தார்கள். அடித்தளம் அங்கே போடப்பட்டது. 2005 செப்டம்பர் 14இல் மதுரையில் தே.மு.தி.க. பிறந்தது.

2006இல் தனித்து நின்று 8.38 சதவீத வாக்குகள். வென்றது விருத்தாசலத்தில் அவர் ஒருவரே. 2009இல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்கள், தி.மு.க.வையும் முந்தி எதிர்க்கட்சித் தலைவரானார். மதுரை மத்தியும் திருப்பரங்குன்றமும் அந்த 29இல் அடங்கும். அதே தேர்தலில் இன்னொரு மதுரைக்காரரான நடிகர் வடிவேலு அவரை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். முடிவு வந்தபின் பல ஆண்டுகள் வடிவேலுவுக்குப் படவாய்ப்பு அருகியது. நடிகர் அரசியலின் இழப்பு நடிகர் மேலும் விழும்.

பின் சரிவு. பேரவையில் ஆளுங்கட்சியோடு மோதல், அணி மாறிய உறுப்பினர்கள், உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்தன. 2016இல் மூன்றாம் அணியின் முதல்வர் வேட்பாளராக நின்றவர் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார், கட்சி 2.4 சதவீதத்துக்கு இறங்கியது. 2023 டிசம்பர் 28இல் அவர் இறந்தபோது திரண்ட கூட்டத்தைக் கண்டவர்கள், இத்தனை அன்பு ஏன் வாக்காகத் தங்கவில்லை என்று வியந்தார்கள். தலைவருக்கும் தெருவில் கொடி கட்டுபவருக்கும் இடையே, அவர் குடும்பத்தைத் தவிர, தொகுதியறிந்து பேசும் இரண்டாம் வரிசை ஒன்று வளரவில்லை என்பதே இதற்கு நேரான விடை. எம்.ஜி.ஆருக்கு அந்த வரிசை தி.மு.க.விலிருந்து ஆயத்தமாகக் கிடைத்தது.

அண்மைக்காலம்

2018 பிப்ரவரி 21இல் கமல்ஹாசன், இராமேசுவரத்தில் அப்துல் கலாம் வீட்டிலிருந்து புறப்பட்டு, மாலையில் மதுரை ஒத்தக்கடையில் மக்கள் நீதி மய்யத்தை அறிவித்தார். 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். 2025இல் தி.மு.க. ஆதரவோடு மாநிலங்களவை சென்றார். 2017 டிசம்பர் 31இல் கட்சி தொடங்குவதாக அறிவித்த ரஜினிகாந்த், 2020 டிசம்பரில் உடல்நிலையைச் சொல்லி விலகினார். நம்பிக் காத்திருந்த ரசிகர்களுக்கு அது வலிதான். ஆனாலும் இயலாது என்று தேர்தலுக்கு முன்னே சொன்னது நேர்மை.

விஜயின் மக்கள் இயக்கத்தினர் 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒன்பது மாவட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களை வென்றனர். 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகம் தொடங்கியது. அதன் இரண்டாம் மாநில மாநாடு 2025 ஆகஸ்ட் 21இல் மதுரை பாரபத்தியில் கூடியது. அடுத்த மாதம் 27ஆம் நாள் கரூரில் அவர் பரப்புரைக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் மாண்டனர். குழந்தைகளும் அதில் உண்டு. யார் மீது எவ்வளவு பிழை என்பதை விசாரணை சொல்லட்டும். ஆனால் முகம் பார்க்க மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் கூட்டம் நடிகருக்கு மட்டுமே கூடுவது. அதற்குக் குடிநீர், வழி, நேரம் ஆகியவற்றை உறுதிசெய்வது ஆட்சிக்கு வருமுன்பே அவர் ஏற்கவேண்டிய பொறுப்பு.

ஆளலாமா என்ற கேள்வி

சட்டப்படி தடையில்லை. இந்தியக் குடிமகனாக, 25 வயது நிரம்பிய வாக்காளராக இருந்தால் எவரும் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். தொழிலைக் காட்டி ஒருவரை விலக்குவது வாக்காளரின் உரிமையைப் பறிப்பதாகும். எனவே கேள்வி நடிகரா அல்லவா என்பதன்று. எவ்வளவு காலம் பொதுவேலை பார்த்துவிட்டு வருகிறார் என்பதே. அமெரிக்காவின் ரொனால்ட் ரீகன் நடிகர் சங்கத் தலைவராகவும் இரு முறை கலிபோர்னியா ஆளுநராகவும் இருந்த பின்பே 1981இல் குடியரசுத் தலைவரானார். பிலிப்பைன்சின் ஜோசப் எஸ்திராடா நெடுங்காலம் நகரத் தலைவராக இருந்தவர். ஆயினும் குடியரசுத் தலைவரான பின் 2001இல் மக்கள் எழுச்சியில் பதவி இழந்தார். பயிற்சி மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது.

நீண்ட பொதுவேலை இல்லாமலே வென்றதற்கு எதிர்ச்சான்று தெலுங்கு நடிகர் என்.டி. ராமராவ். 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி 1983 ஜனவரியில் ஆந்திர முதலமைச்சரானார். ஆனால் அங்கே அதற்கு முந்தைய ஐந்தாண்டுக்குள் காங்கிரஸ் நான்கு முதலமைச்சர்களை மாற்றியிருந்தது. மாற்று இடம் காலியாகக் கிடந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வெற்றிடத்தை இரு கழகங்களும் விட்டுவைக்கவில்லை. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்குமுன் தி.மு.க.வில் இரண்டு பத்தாண்டுகளை ஒட்டிக் கழித்திருந்தார். மேலவை, பேரவை, பொருளாளர் பதவி எல்லாம் பார்த்திருந்தார். அவரைப் பார்த்துக் கட்சி தொடங்கியவர்கள் 1972 அக்டோபரை மட்டும் பின்பற்றினார்கள். அதற்கு முன்னிருந்த இருபது ஆண்டு உழைப்பை அவர்களுள் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள்.