கணப்படுப்பு மரத்தில் ஒரு கிடார்

எங்கள் வகுப்பில் ஒருவன் சொந்தமாக ஒரு எலெக்ட்ரிக் கிடார் செய்துகொள்ளப் போகிறானாம். ஒரு மாதமாக அவன் வாயில் வருவது இரண்டே கேள்விதான். "மகோகனியா, ஆல்டரா? என்ன பிக்கப் போடலாம்?" கேட்டுக் கேட்டு எங்களுக்கே கனவில் மரமாக வருகிறது. அவனுக்கு யோசனை சொல்லுமளவு எனக்கு விஷய ஞானம் கிடையாது. ஆனால் இதே இரண்டு கேள்விகளோடு 1963-ல் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு அப்பா, பிள்ளையின் கதை தெரியும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

இடம், லண்டனை ஒட்டிய ஃபெல்த்தம். பையன் பெயர் பிரையன் மே, வயது 16. பின்னாளில் 'குயீன்' இசைக்குழுவின் கிடார் கலைஞர் ஆனவர்தான். அப்போது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல் ஆசை, ஆனால் அந்த விலை அந்த வீட்டுக்குக் கட்டாது. அப்பா ஹரால்ட் மே எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். வீட்டு டிவியையே சொந்தமாகச் செய்தவர். "வாங்க முடியாவிட்டால் என்ன, செய்துவிடலாம்" என்று இருவரும் இறங்கிவிட்டார்கள்.

முதலில் மரம். கிடாரின் கழுத்து, ஆறு கம்பிகளின் இழுவையையும் வருடக்கணக்கில் வளையாமல் தாங்க வேண்டும். ஈரம் காய்ந்து அடங்கிய பழைய மரம் இதற்கு நல்லது. குடும்ப நண்பர் ஒருவர் தன் வீட்டுக் கணப்படுப்பின் மேல்சட்டத்தைத் தூக்கிப்போட இருந்தார். நூறு வருடத்துக்கும் மேல் பழைய மகோகனி! அதைக் கையாலேயே செதுக்கிக் கழுத்தாக்கினார்கள். பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள்.

உடம்பின் நடுப்பகுதிக்குப் பழைய மேஜையின் ஓக் மரம். சுற்றிலும் ஒட்டுப்பலகை, மேலே மெல்லிய மகோகனித் தகடு. இவையெல்லாம் கையில் கிடைத்தவைதான். ஆனால் உள்ளே வெற்றிடம் விட்டது மட்டும் தற்செயல் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தத்தில் கிடாரும் அதிர்ந்து, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்கே போய்ச் சுற்றிச் சுற்றி வளர்வதை ஃபீட்பேக் என்பார்கள். பலரும் தொல்லை என்று ஒதுக்கியதை மே வேண்டுமென்றே கேட்டார். அதற்காகத்தான் அந்த வெற்றிடம்.

மற்ற சாமான்களின் பட்டியல் இன்னும் வேடிக்கை. ட்ரெமோலோவுக்கு 1928-ம் வருட பேந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. அதன் கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி; நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. கழுத்தில் இருக்கும் புள்ளிகள், சட்டையின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள்!

அடுத்தது பிக்கப். விஷயம் எளிமையானது. ஒரு காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காயிலில் மின்சாரம் பிறக்கும். பிளஸ் டூவில் படித்த ஃபாரடே விதிதான். மே கடையில் காந்தம் வாங்கி, காயில் சுற்றும் கருவியையும் தானே செய்து, பிக்கப்பைச் சுற்றிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது... கம்பியை வளைத்து வாசிக்கும் வரை. காந்தங்களின் வட, தென் துருவங்கள் அமைந்திருந்த விதத்தில், கம்பி பக்கவாட்டில் நகரும்போது ஒலி சீராக வரவில்லை.

இங்கேதான் எனக்கு அந்த இருவரையும் ரொம்பப் பிடித்துப்போனது. அவ்வளவும் கையால் செய்தவர்கள், 'இதையும் நாங்களேதான் செய்வோம்' என்று வீம்பு பிடிக்கவில்லை. லண்டனில் பர்ன்ஸ் கடைக்குப் போய் மூன்று 'ட்ரை-சானிக்' பிக்கப்புகளை வாங்கிவந்தார்கள். வாங்கியதை அப்படியே மாட்டவும் இல்லை. சத்தம் கூடினால் காயில் தானே அதிர்ந்து கீச்சிடும் என்பதால், உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார்கள். ஆமாம், ஹார்டுவேர் கடையில் நாம் வாங்கும் அதே அரால்டைட்!

இன்னொரு முக்கிய வித்தியாசம் ஒயரிங். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிக்கப்புகள் பேரலலாக இணைந்திருக்கும். இதில் சீரீஸ். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆன்/ஆஃப் சுவிட்ச், கூடவே ஃபேஸை மாற்ற இன்னொரு சுவிட்ச். ஒரே ஃபேஸில் இரண்டைச் சேர்த்தால் தடித்த ஒலி. எதிர் ஃபேஸில் சேர்த்தால் பொதுவான அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்து, மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய ஒலி. குயீன் பாட்டுகளில் கிடார் பல குரலில் பேசுவதற்கு இந்தச் சுவிட்சுகளும் ஒரு காரணம்.

சுமார் இரண்டு வருடத்தில் கிடார் தயார். பெயர் 'ரெட் ஸ்பெஷல்'.

கதை இத்தோடு சுபமாக முடியவில்லை. மே இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் படித்து, வானியலில் பிஎச்.டி.யும் ஆரம்பித்தார். 1970-களில் இசைக்காக அதைப் பாதியில் விட்டார். அப்பாவுக்குத் தாங்கவில்லை. கிடார் செய்துகொடுத்த அதே அப்பாதான், அதை வைத்துப் பிழைக்கப்போகிறேன் என்றதும் மனம் உடைந்தார். இருவருக்கும் நடுவே கசப்பு வளர்ந்தது. பல வருடம் கழித்து, மகன் பெற்றோரை நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வரவழைத்தார். நிரம்பி வழிந்த அரங்கில், தான் செதுக்கிய மரத்தின் ஒலியைக் கேட்ட பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் புரிந்தது.

ஹரால்ட் 1988-ல் காலமானார். 2002-ல் எலிசபெத் ராணியின் பொன்விழாவில், பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று பிரையன் மே இங்கிலாந்தின் தேசிய கீதத்தை வாசித்தார். கையில் அதே கணப்படுப்பு மரம்! பாதியில் விட்ட பிஎச்.டி.யையும் 2007-ல் முடித்துவிட்டார். அதைப் பார்க்கத்தான் அப்பா இல்லை.

இவ்வளவையும் நண்பனிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். மரத்தின் பெயரை மட்டும் பார்க்காதே, உனக்கு எந்த ஒலி வேண்டும் என்று முதலில் முடிவு செய், உங்க அப்பாவையும் கூடச் சேர்த்துக்கொள் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ மகோகனிதான்ங்கிறே?"

என்னத்தைச் சொல்ல!