வட்டி வீழ்ந்த காலமும் மலாயாவின் வாழ்வும்

வட்டி குறைந்தால் வணிகம் வளரும் என்பது பொருளியலார் கூறும் பொது விதி. கடன் எளிதாகும், முதலீடு பெருகும், வேலை உண்டாகும் என்பர். இவ்விதி எல்லா நாட்டுக்கும் எல்லா மக்களுக்கும் ஒருபடித்தாகப் பொருந்துமா என்னும் வினாவுக்கு, 1930ஆம் ஆண்டுகளில் மலாயா பட்ட பாடு தெளிவான விடை தருகின்றது.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அப்பொழுது அந்நகரத்து மைய வங்கியின் வட்டி 6 விழுக்காடு. 1931 மே மாதத்தில் அது ஒன்றரை விழுக்காடாயிற்று. இங்கிலாந்து வங்கியோ 1931 செப்டம்பரில் பவுன் நாணயத்தைத் தங்கத்தினின்று விடுவித்தபோது வட்டியை 6 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. பின்னர் படிப்படியாகத் தளர்த்தி, 1932 ஜூன் 30ஆம் நாள் 2 விழுக்காட்டில் நிறுத்தியது. ஏழாண்டுக் காலம் அந்நிலை நீடித்தது. அந்த மலிவான பணத்தால் இங்கிலாந்தில் வீடுகள் பெருகின.

ஆனால் மலாயாவின் நிலை வேறு. அதன் வெள்ளி, 1906 முதல் 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்னும் மாற்று மதிப்பில் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தது. வட்டியை நாட்டின் தேவைக்கேற்ப ஏற்றவோ இறக்கவோ உரிய மைய வங்கி இங்கு இல்லை. நாணய வாரியம் பவுனைப் பெற்றுக்கொண்டு வெள்ளியை வெளியிட்டது, அவ்வளவே. ஆதலின் இரப்பரும் ஈயமும் ஈட்டிய பொருளே நாட்டில் புழங்கிய பணத்தின் அளவை உறுதி செய்தது. ஏற்றுமதி சுருங்கவே, பணமும் சுருங்கியது.

1929இல் ஓர் இராத்தல் இரப்பரின் சராசரி விலை ஏறத்தாழ 34 காசு. 1932இல் அது 7 காசாகத் தேய்ந்தது. 100 வெள்ளிக் கடன் பட்ட சிறுதோட்டக்காரர் ஒருவர், 1929இல் சுமார் 294 இராத்தல் இரப்பரை விற்று அதனைத் தீர்த்திருக்கலாம். 1932இலோ அதே கடனுக்கு 1,400 இராத்தலுக்கு மேல் வேண்டியிருந்தது. வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்திருப்பினும், முதல் மட்டுமே ஐந்து மடங்கு பாரமாகி அவரை அழுத்தியிருக்கும். இலண்டனில் வட்டி இறங்கியதால் அவருக்கு விளைந்த பயன் யாது?

பெருவணிகரும் தப்பவில்லை. 1932இல் சிங்கப்பூரில் மூன்று சீன வங்கிகள் ஒன்றிணைந்தே பிழைத்தன. இரப்பர் வேந்தர் எனப் புகழப்பெற்ற தான் கா கீயின் நிறுவனம், வங்கிக் கடன்களின் சுமை தாங்காது 1934இல் கலைக்கப்பட்டது. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் ஈடு வைத்த நிலங்கள் பல மீட்கப்படாமல் போயின. மலாய்க் குடியானவர்களின் நிலங்கள் கைமாறுவதைக் கட்டுப்படுத்த, கூட்டரசு மலாய் நாடுகளில் 1931இலும் 1933இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

இந்நிலை மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. கீழ்ப் பர்மாவில் நெல் விலை வீழ்ந்ததால், முதன்மையான 13 மாவட்டங்களின் விளைநிலத்தில் 1930இல் 6 விழுக்காடே வைத்திருந்த நகரத்தார், 1937இல் 25 விழுக்காட்டுக்கு உரியவராயினர். அவர்கள் விரும்பியது பணம். கிடைத்ததோ விலை போகாத நிலம். உழவரின் பகைமையும் அதனோடு சேர்ந்தே வந்தது.

இவர்கள் அனைவரினும் நலிந்தவர் தோட்டத் தொழிலாளரே. அவர்களுக்கு ஈடு வைக்க நிலமில்லை; வங்கியின் வாயிலையும் அவர்கள் கண்டதில்லை. 1930இல் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டன. பின்னர் பல தோட்டங்களில் அது 30 காசுக்கும் கீழே சென்றது. தமிழகத்திலிருந்து ஆளெடுப்பதும் 1930இல் நிறுத்தப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். காட்டை அழித்துத் தோட்டமாக்கியவர்கள், விலை வீழ்ந்ததும் வேண்டாதவராயினர்.

மீட்சி வட்டியால் வரவில்லை. 1934இல் அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்பாடு உற்பத்தியை வரையறுத்தது; விலை நிமிர்ந்தது; ஆளெடுப்பும் மீண்டும் தொடங்கியது. மலாயா தனக்கென ஒரு மைய வங்கியைப் பெற 1959 வரை காத்திருந்தது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, அவ்வங்கி வட்டியை 3 விழுக்காட்டிலிருந்து 1.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. அதனோடு, கடன் தவணைகளைக் கட்ட ஆறு மாத அவகாசமும் வழங்கப்பட்டது. 1932இல் சிறுதோட்டக்காரருக்குக் கிட்டாதது அந்த அவகாசமே.

வட்டி இறங்கியது என்னும் செய்தியைப் படிக்கும் மாணவர், அதனால் பயன்பெறுவோர் யாவர் என்று வினவுதல் வேண்டும். கடன் பெறும் தகுதியும், விளைபொருளுக்கு விலையும், உழைப்புக்கு ஊதியமும் உள்ளவருக்கே குறைந்த வட்டி துணையாகும். இவையின்றித் தாயகம் திரும்பிய தொழிலாளரின் வரலாறு, நம் முன்னோரின் வரலாறு ஆதலின், அவ்வினாவை மறத்தல் நமக்குத் தகாது.